பெல்லட்டை எடை போட்டுப் பிரித்தும் குரூப் இறுகவில்லையா? 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு பேட்ச் பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் தீப்பற்றும் வகை) ரைஃபிள்காரர்கள் தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். மருந்து, குண்டு, குண்டு உட்காரும் ஆழம் எல்லாவற்றையும் தங்கள் பேரலுக்கு ஏற்றபடி மாற்றிப் பார்க்க அவர்களுக்கு வழி இருக்கிறது. 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளில் அந்த வசதியே கிடையாது. டின்னில் என்ன வந்ததோ அதுதான் பெல்லட், அதாவது நாம் சுடும் ஈயக் குண்டு. நம் கையில் இருப்பது தேர்வு ஒன்றுதான், அதனால் அதை அரைகுறையாகச் செய்யக் கூடாது.

எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. பத்தாம் வளையத்தின் விட்டம் 0.5 மி.மீ. தசமக் கணக்கில் மையத்தைவிட்டு 0.25 மி.மீ.க்குள் விழுந்தால் 10.9. அதற்குமேல் ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் 0.1 குறையும். பெல்லட்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே போதும் என்பதால் 2.5 மி.மீ. தள்ளிப் போனாலும் 10.0. பெல்லட் தன்பாட்டுக்கு ஒரு மி.மீ. அலைந்தாலே, நீங்கள் சரியாக விட்ட ஷாட்டிலும் மூன்று, நான்கு தசமம் போய்விடுகிறது. 60 ஷாட்டில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள்.

டின்மேல் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு போட்டிருக்கும். அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே 4.50தான், ஆனால் பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறினால் குரூப் (ஷாட்டுகள் இலக்கில் விழும் சிதறல்) மாறிவிடும். பேட்ச் எண்ணைக் குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

*

டெஸ்ட் செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

தோளில் வைத்துச் சுட்டு பேட்ச் பார்க்க முடியாது. கிளாம்ப் வேண்டும். தோளில் பதியும் கட்டையான ஸ்டாக்கைப் பிடிக்கும் கிளாம்ப் வேண்டாம், பேரல் பொருந்தியிருக்கும் உலோகப் பகுதியான ஆக்‌ஷனைப் பிடிக்க வேண்டும். ஸ்டாக் கொஞ்சம் வளைந்தாலும் குரூப் பக்கவாட்டில் இழுபடும். மேசை தரையோடு இறுகியிருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சிலிண்டரில் காற்று குறைந்த நிலையில் ஆரம்பிக்காதீர்கள். பேட்ச் மாற்றியதும் முதல் 10 பெல்லட் கணக்கில் சேராது. பேரல் புதிய ஈயத்துக்குப் பழகட்டும்.

பிறகு 10 ஷாட் குரூப், பேட்சுக்கு மூன்று. காலிப்பரால் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து 4.5ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும். வெளி அளவு 6 மி.மீ. வந்தால் உண்மையான சிதறல் 1.5 மி.மீ. இதில் முந்தும் இரண்டு பேட்சை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஐந்து குரூப்.

*

மேலே நண்பர் சொன்ன 10 ஷாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். 5 ஷாட் குரூப்பைப் பார்த்து பேட்ச் வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். எந்தச் சுமாரான பெல்லட்டும் ஐந்து ஷாட்டில் ஒரு தடவை அழகான ஒற்றை ஓட்டையைப் போட்டுவிடும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் மீதி நான்கு குரூப்பும் கண்ணில் படாது. ஆகச் சிறந்த குரூப்பை விடுங்கள், ஆக மோசமான குரூப் எது என்று பாருங்கள். மேட்சில் உங்களைக் கவிழ்ப்பது அதுதான். கிளாம்பிலிருந்து வெளியே போன ஷாட்டை "அது நான் ஒழுங்காக லோடு பண்ணவில்லை" என்று கழித்துவிடவும் கூடாது.

லோடு செய்யும்போது பெல்லட் சாய்ந்து போகிறதா என்பதைத் தனியாகக் கவனியுங்கள். பேரலின் வாயில் ஸ்கர்ட்டின் (பெல்லட்டின் பின்பக்கம் விரிந்த மெல்லிய பகுதி) ஒரு ஓரம் உரசினால் அந்த இடத்தில் ஈயம் மினுங்கும். அதைக் கண்டால் போட்டுச் சுட வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

*

தலைப்பில் கேட்ட எடை விஷயத்துக்கு வருகிறேன். ரைஃபிள் மேட்ச் பெல்லட் சுமார் 0.53 கிராம். வேகம் நொடிக்கு 170 மீட்டரை ஒட்டி. 10 மீட்டருக்குள் அது சுமார் 17 மி.மீ. இறங்குகிறது. எடையில் 0.005 கிராம் வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட ஒரு சதவீதம். இறக்கத்தில் அதனால் வரும் மாற்றம் 0.17 மி.மீ. ஒரு தசமம்கூட இல்லை. நல்ல மேட்ச் டின்னை இரவெல்லாம் தராசில் போட்டுப் பிரிப்பது வீண் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து.

வேகம் அப்படி இல்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் சரியில்லாமல் நொடிக்கு 3 மீட்டர் கூடிக் குறைந்தால் உயரத்தில் 0.6 மி.மீ. மாறும், அதாவது இரண்டு தசமத்துக்கும் மேல். குரூப் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் பெல்லட்டைக் குறை சொல்வதற்குமுன் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் 20 ஷாட் பாருங்கள். குறிப்பாக, ரைஃபிள் சிறிது நேரம் சும்மா கிடந்தபின் வரும் முதல் ஷாட் மட்டும் வேகம் மாறி வந்தால் ரெகுலேட்டரில் காற்று மெல்லக் கசிகிறது. எந்த பேட்ச் வாங்கினாலும் அது தீராது.

*

எடைக்குப் பதில் கண்ணை நம்பலாம். ஒரு கண்ணாடித் துண்டை லேசாகச் சாய்த்து வைத்து பெல்லட்டை ஒவ்வொன்றாக உருட்டுங்கள். தலையும் ஸ்கர்ட்டும் ஒரே விட்டமில்லை என்பதால் நேராக உருளாது, வளைந்துதான் போகும். ஒரே டின்னில் உள்ளவை ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தள்ளிப் போய் நிற்பது அளவில் மாறியது. தத்தித் தத்திப் போவது ஸ்கர்ட் நசுங்கியது. சுடும்போது காற்றழுத்தம் ஸ்கர்ட்டை விரித்து ரைஃப்ளிங்கில் (பேரலுக்குள் உள்ள சுருள் வரிகள்) பதியவைக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் விரிவும் ஒருபக்கமாகத்தான் இருக்கும், பேரலைவிட்டு வெளியேறும் கணத்தில் காற்றும் ஒருபக்கமாகவே பீறிடும். விலகும் ஷாட்டுகள் பலவும் இதில்தான்.

*

50 மீட்டர் .22 சுடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஒருமுறை அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும். மறுபடி கட்ட வழியில்லை. அங்கும் லாட் (பேட்சைப் போலவே, ஒரே தடவையில் தயாரான தோட்டாத் தொகுதி) பார்ப்பதுதான் ஒரே வழி, கணக்கும் இன்னும் கடுமை. நொடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் 50 மீட்டரில் 7 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் தரும். அங்கே ஒரு தசமம் 0.8 மி.மீ. லாட் மாற்றும்போது முந்தைய லாட்டின் மெழுகு பேரலில் ஒட்டியிருக்கும். குறைந்தது 15, 20 ஷாட் விட்டபிறகே அளக்கத் தொடங்குங்கள்.

*

நல்ல பேட்ச் அமைந்தால் அன்றைக்கே மொத்தமாக வாங்கிவிடுங்கள், அதே எண் மறுபடி கிடைக்காது. நாளுக்கு 100 பெல்லட், வருடத்தில் 200 நாள் என்றால் 20,000. 500 அடங்கும் டின்னில் 40.

வைக்கும் இடமும் முக்கியம். மரப்பெட்டி வேண்டாம். ஓக் போன்ற மரங்களிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். பொடி பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுட நினைக்காதீர்கள். தலை அளவு போய்விட்டது, அந்தப் பொடி நஞ்சும்கூட. டின்னை நிமிர்த்தியே எடுத்துச் செல்லுங்கள், மூடிக்கடியில் ஸ்பாஞ்ச் இருக்கட்டும், உள்ளே குலுங்கினால் ஸ்கர்ட் கெட்டுவிடும். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோடு பண்ணும் பழக்கம் பிள்ளைகளிடம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். பயிற்சி முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலைத் தொட வேண்டும்.