துருக்கி நீலக்கண் மணியை வாசலில் மாட்டலாமா? அர்த்தம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருப்பூர் மலர்:

வணக்கம். என் நாத்தனார் போன மாதம் இஸ்தான்புல் சுற்றுலா போய்விட்டு வரும்போது, திருஷ்டி படாமல் இருக்க என்று, கண் போல வட்டங்கள் போட்ட இரண்டு நீலக் கண்ணாடிப் பாசிமணிகள் எங்களுக்கு வாங்கி வந்தார். பெரியது உள்ளங்கை அளவு, வாசலில் மாட்டுவதற்கு. சின்னது ஊக்கோடு இருக்கிறது, என் ஆறு மாதக் குழந்தையின் சட்டைத் தோளில் குத்தி வைக்க வேண்டுமாம். பார்க்க ரொம்ப அழகு. ஆனால் என் மாமியார், "கண்ணுக்குப் பயந்து கண்ணையே கொண்டுவந்து வாசலில் தொங்கவிடுவதா, அது நாள் முழுக்க நம்மையே பார்த்துக்கொண்டு இருக்காதா" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இணையத்தில் தேடினால் ஒருவர் எகிப்து என்கிறார், இன்னொருவர் கிரேக்கம் என்கிறார், எல்லோரும் 5000 வருடப் பழமை என்று மட்டும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள். உண்மையில் எங்கிருந்து வந்தது? ஏன் நீலம்? இன்னொன்று, பெட்டியில் அடிபட்டதோ என்னவோ, பெரிய மணியில் லேசாக ஒரு கீறல் விழுந்திருக்கிறது. அது கெட்ட சகுனமா?

பாசிமணி:

மலர் அக்கா, உங்கள் மாமியார் கேட்டது சரியான கேள்வி, ஏனென்றால் இந்த மணியின் முழு அர்த்தமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அந்த மணியில் இருப்பது கெட்ட கண் இல்லை. கெட்ட கண்ணைத் திருப்பிப் பார்க்கிற கண். வீட்டுக்குள் வருகிறவரின் பார்வை முதலில் அதன் மேல்தான் விழும், அங்கேயே தடுக்கப்பட்டுவிடும் என்பது நம்பிக்கை. அதனால்தான் எப்போதும் வெளியே பார்த்த மாதிரி மாட்டுகிறார்கள். நாம் புது வீட்டு முகப்பில் முழி பிதுங்கிய திருஷ்டி பொம்மை கட்டுகிறோமே, அதற்கும் பெரிய கண்கள்தானே?

துருக்கியில் இதை நஸர் போன்ஜுக், அதாவது நஸர் மணி என்கிறார்கள். போன்ஜுக் என்றால் மணி. நஸர் அரபுச் சொல், பொருள் வெறும் 'பார்வை'. நம் திருஷ்டியும் அப்படியே, சமஸ்கிருதத்தில் பார்வை என்பதுதான் பொருள், கெட்டது என்ற அர்த்தம் சொல்லில் கிடையாது. பொறாமைக்காரர் மட்டுமல்ல, ஆசை ஆசையாகக் குழந்தையைக் கொஞ்சுகிறவரின் பார்வையும் படும் என்று இரண்டு ஊரிலும் நினைக்கிறார்கள். பெற்ற தாய் கண்ணே பட்டுவிடும் என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, அதே எண்ணம்தான் அங்கும்.

இப்போது அந்த 5000 வருடக் கதை. சிரியாவில் டெல் பிராக் என்ற இடத்தில் 1937-38இல் மாக்ஸ் மல்லோவன் என்ற தொல்லியலாளர் அகழாய்வு செய்தபோது, கி.மு. 3500ஐ ஒட்டிய காலத்துச் சின்னச் சின்ன வெள்ளைக் கல் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. தட்டையான உடம்பு, அதன் மேல் இரண்டு பெரிய கண்கள், வேறு எதுவும் இல்லை. கிடைத்தது ஒரு கோயிலில், அதனால் பக்தர்கள் வைத்த காணிக்கை என்றுதான் பெரும்பாலும் கருதுகிறார்கள். இந்தப் படத்தைப் போட்டுத்தான் எல்லா விற்பனைத் தளங்களும் நீலக்கண் மணியின் வயதைச் சொல்கின்றன. எனக்கு இதில் வருத்தம் உண்டு, இரண்டும் வேறு வேறு பொருள்கள். எகிப்தின் ஹோரஸ் கண்ணும் அப்படித்தான், அது காயம்பட்டுக் குணமான ஒரு தெய்வத்தின் கண், உடல்நலத்துக்காக அணிந்தது.

நம்பிக்கை மட்டும் உண்மையிலேயே பழசு. தீய கண்ணை விரட்டும் சுமேரிய மந்திரங்கள் களிமண் பலகைகளில் இருக்கின்றன. கண் போட்ட கண்ணாடி மணி என்று பார்த்தால் கி.மு. 1000 முதல் கி.மு. 1 வரையிலான காலத்தில் மத்தியதரைக் கடலைச் சுற்றி நிறையக் கிடைக்கிறது. ஒரு நிறக் கண்ணாடியின் மேல் இன்னொரு நிறத்தைச் சொட்டாக வைத்து அழுத்திச் செய்தவை. வியாபாரிகள் கையோடு இந்த வகை சீனா வரை போயிருக்கிறது, கி.மு. 5ஆம் நூற்றாண்டு சிற்றரசர் ஒருவரின் கல்லறையில்கூட எடுத்திருக்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் மணிக்கு நேரான முன்னோர் என்றால் நான் அவற்றைத்தான் சொல்வேன்.

முடிந்தால் தென் துருக்கியில் இருக்கும் அந்தாக்யா நகர அருங்காட்சியகத்தில் உள்ள 2ஆம் நூற்றாண்டுத் தரை ஓவியத்தின் படத்தை மாமியாருக்குக் காட்டுங்கள். நடுவில் ஒரு பெரிய கண், அதைச் சூலமும் வாளும் குத்துகின்றன, தேள், பாம்பு, நாய் எல்லாம் பாய்கின்றன, பக்கத்தில் கிரேக்கத்தில் "உனக்கும்" என்று எழுதியிருக்கிறது. அந்தக் கண்தான் கெட்ட கண். அதே மண்ணில் ஒரு பக்கம் கண்ணைக் குத்தியிருக்கிறார்கள், இன்னொரு பக்கம் கண்ணுக்கு எதிராகக் கண்ணை வைத்திருக்கிறார்கள்.

இஸ்மிர் கணேசன்:

நான் துருக்கியின் இஸ்மிர் நகரத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவன். இந்த மணிகள் அங்கே பக்கத்தில் கோரெஜெ, நஸர்க்கோய் என்ற ஊர்களில்தான் கையால் செய்யப்படுகின்றன. நஸர்க்கோய்க்கு முன்பு குருதெரே என்று பெயர், மணித் தொழிலால் ஊர்ப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மண்ணால் கட்டிய உலை, பைன் விறகு, சுற்றிலும் சின்ன வாய்கள், ஒவ்வொரு வாய்க்கு முன்னால் ஒரு உஸ்தா, அதாவது கைதேர்ந்த தொழிலாளி, உட்கார்ந்திருக்கிறார். உடைந்த பாட்டில் கண்ணாடியைத்தான் உருக்குகிறார்கள். இரும்புக் கம்பியின் முனையில் நீலக் குழம்பை எடுத்துச் சுழற்றி, மேலே வெள்ளைச் சொட்டு, அதன் மேல் வெளிர் நீலம், கடைசியில் கருவிழி, பிறகு ஒரு தட்டு, அவ்வளவுதான், ஒரு மணி முடிந்தது. சூடு மெல்ல ஆறுவதற்காக உலையின் பக்க அறையில் போடுகிறார்கள், சட்டென்று ஆறினால் வெடித்துவிடும். அந்த அனலில் ஆறு மாதம்கூட என்னால் உட்கார முடியாது. பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்று ஒரு பெரியவர் சொன்னபோது மனம் கனத்துவிட்டது. இஸ்தான்புல் கடைகளில் அச்சில் வார்த்ததும் பிளாஸ்டிக்கும் நிறைய வருகின்றன. கையால் செய்ததில் வட்டங்கள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாது, உள்ளே காற்றுக் குமிழ் தெரியும், தூக்கினால் கனமாக இருக்கும்.

ஏன் நீலம் என்று அங்கே யாரைக் கேட்டாலும் வெளிர் நிறக் கண்காரர்களின் பார்வைதான் பலமாகப் படும், அதனால் அதே நிறத்தில் மறுகண் என்பார்கள். வானத்தை வணங்கிய பழைய துருக்கியர்களின் நிறம் என்றும் ஒரு பேச்சு உண்டு. எனக்குப் பொருந்தி வருவது உலைக் காரணம்: செம்போ கோபால்ட்டோ சேர்த்தால் கண்ணாடி அழகான நீலமாகிறது, அது மிகப் பழைய காலத்திலிருந்தே கைவினைஞர்களுக்குத் தெரிந்த வித்தை.

கீறலைப் பற்றிக் கவலை வேண்டாம். மணி கீறினாலோ உடைந்தாலோ வர இருந்த பார்வையை அது வாங்கிக்கொண்டது என்றுதான் அங்கே சொல்வார்கள், எடுத்துவிட்டு வேறு மாட்டுவார்கள். மணி மட்டும் போதாது என்றால் உஸெர்லிக் என்ற காட்டுச் செடியின் விதையை நெருப்பில் போட்டுப் புகை காட்டுவார்கள், தலைக்கு மேல் துணி பிடித்து உருக்கிய ஈயத்தைத் தண்ணீரில் ஊற்றுவார்கள். நம் அம்மா உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டு அது வெடிக்கிற சத்தத்தைக் கேட்பது போலவே இருக்கும்.

காயல் நண்பன்:

சகோதரிக்கு என் கருத்தையும் சொல்கிறேன். கண்ணேறு உண்மை என்று ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது, அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மணியோ தாயத்தோ காக்கும் என்று நம்புவது வேறு விஷயம். துருக்கியிலேயே அரசின் சமய விவகாரத் துறை 2021இல் இந்த மணியைக் காவலாக நினைத்து மாட்டுவது கூடாது என்று சொல்லியது. அங்கே வீட்டுக்கு வீடு தொங்குகிறது என்பதும் உண்மைதான். எங்கள் வீட்டில் குழந்தையை யாராவது அழகு என்று சொன்னால் உடனே "மாஷா அல்லாஹ்" சேர்த்துச் சொல்லச் சொல்வோம், இரவில் குர்ஆனின் ஃபலக், நாஸ் என்ற சூராக்களை (அத்தியாயங்களை) ஓதிக் குழந்தை மேல் ஊதுவோம். ஃபலக் சூராவின் கடைசி வசனமே பொறாமைக்காரனின் தீங்கிலிருந்து காவல் கேட்பதுதான். நினைவுப் பொருளாக, அழகுக்காக வைப்பதாக இருந்தால் அது உங்கள் விருப்பம்.

திருப்பூர் மலர்:

மூவருக்கும் மிக்க நன்றி. அந்தத் தரை ஓவியத்தின் படத்தை மாமியாருக்குக் காட்டினேன், கைப்பேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்படியானால் இது காவல் கண், வெளியே பார்த்து மாட்டு" என்று சொல்லிவிட்டார். பெரிய மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உள்ளே இரண்டு குமிழ் இருக்கிறது, கருவிழியும் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருக்கிறது. கீறினாலும் அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு எப்போதும் போல உண்டு. சின்ன மணியைச் சட்டையில் குத்தவா?

இஸ்மிர் கணேசன்:

குத்த வேண்டாம் அக்கா. ஆறு மாதக் குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும், ஊக்கு திறந்துகொண்டால் ஆபத்து, மணி கழன்றால் தொண்டையில் சிக்கும். ஊக்கைக் கழற்றிவிட்டு மணியை நூலில் கோத்து, தொட்டில் இருக்கும் அறையில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள். தொட்டில் கயிற்றில் கட்ட வேண்டாம்.