எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 95 தான், ஆனாலும் பயமாக இருக்கிறது: தர்மபுரி பக்கம் அபோபி டெஸ்ட் எங்கே எடுக்கலாம்?

வணக்கம். பாலக்கோட்டில் இருக்கும் என் அண்ணனுக்கு வயது 46, டைப் 2 சர்க்கரை. இப்போது எடுத்த ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 178, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 31, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 260, எல்டிஎல் 95. "நூறுக்குள்ளதானே இருக்கு" என்று சொல்லி, டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டாட்டினை (கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை) அண்ணனே நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்த 95 மேல் நம்பிக்கை இல்லை. எச்டிஎல் தமனிச் சுவரில் தேங்கும் கொலஸ்ட்ராலை எடுத்துக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கல்லீரல் டிரைகிளிசரைடை அதிகமாக ரத்தத்தில் விடுகிறது. அதனால் எச்டிஎல் குறைகிறது, கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகள்களும் சிறுத்து அடர்த்தியாகின்றன. துகள் ஒவ்வொன்றும் சுமக்கும் கொலஸ்ட்ரால் குறைவு என்பதால் ரிப்போர்ட் நன்றாகத் தெரியும், எண்ணிக்கையோ கூடியிருக்கும். சுவருக்குள் நுழைவது துகள்தானே! மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்தாலே 147 வருகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது 130க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள்.

ஒரு துகளுக்கு ஒரு அபோபி (அந்தத் துகளின் மேலிருக்கும் புரதம்) என்பதால் அந்த டெஸ்ட் எடுத்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ எந்த லேபில் எடுக்கிறார்கள்? சேலம்தான் போக வேண்டுமா? அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கழுத்துத் தமனி டாப்ளர் ஸ்கேன் எடுத்தவர்கள் செலவையும் சொல்லுங்கள். அப்புறம், ராகிக் களியை எவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்? இரண்டு வேளையும் அவருக்கு அதுதான்.

மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி தொடங்கியவர்கள் யாராவது அண்ணனிடம் போனில் பேச முடியுமா? தங்கை சொன்னால் கேட்க மாட்டார்.