எண்ணெயில் அறுகோணக் கட்டங்கள் வரவில்லை, உதவுங்கள்

கண்காட்சித்தாய்: மகளின் அறிவியல் கண்காட்சி நாளை மறுநாள். எண்ணெயைச் சூடாக்கிப் பொடி தூவினால் தேன்கூடு போன்ற கட்டங்கள் தோன்றும் என்று படித்தோம். எங்களுக்கு வெறும் கலங்கல்தான் வருகிறது. என்ன தவறு?

பழைய ஆய்வகம்: எந்த எண்ணெய், எவ்வளவு ஆழம், என்ன பொடி, எந்தப் பாத்திரம் என்று எதையும் சொல்லவில்லையே?

பொடிப்பித்தன்: கோளாறு பொடியில்தான் இருக்கும். ரெசின் கைவினைக்கு விற்கும் மைக்காப் பொடியைப் போடுங்கள். அதன் தட்டையான துகள்கள் ஓட்டத்தின் போக்கில் சாய்ந்து ஒளியைத் திருப்புவதால்தான் கட்டங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அலுமினியப் பொடி மட்டும் வேண்டாம்; அது பறந்து தீயில் பட்டால் ஆபத்து.

கண்காட்சித்தாய்: தேங்காய் எண்ணெய், மஞ்சள்தூள், வாணலி, கேஸ் அடுப்பு. எண்ணெய் ஒரு விரற்கடை இருக்கும்.

மூத்தவர்: வாணலியா! குழிந்த அடியில் ஆழம் இடத்துக்கு இடம் மாறும் என்பதைக்கூட யோசிக்காமல் சோதனைக்கு இறங்குவோருக்கு ஆண்டுதோறும் இதையே எழுதுகிறேன். தட்டையான தட்டில் 2 மில்லிமீட்டர் போதும். மற்றபடி, அடியில் சூடான எண்ணெய் இலேசாகி மேலெழுவதே காரணம். ஆங்கில இயற்பியலாளர் ராலே 1916இலேயே விளக்கிவிட்டார்.

திரவவியல் மாணவன்: அவர் விளக்க முயன்றது 1900இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெனார் கண்ட கட்டங்களைத்தான், ஆனால் அவ்வளவு மெல்லிய படலத்தில் சூடான எண்ணெயை மேலே தூக்கும் மிதப்பு விசையைவிட, மேற்பரப்பைச் சுருக்க முயலும் பரப்பு இழுவிசையே முதன்மையானது என்று 1958இல் பியர்சன் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினார். மேற்பரப்பில் சூடான இடத்தில் இழுவிசை குறைவதால், குளிர்ந்த பகுதி எண்ணெயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. 1972இல் அப்பல்லோ 17 விண்கலத்தில், எடையற்ற நிலையிலும் எண்ணெயில் கட்டங்கள் தோன்றினவே, அங்கே எதற்கு மிதப்பு விசை?

மூத்தவர்: ஆழமான அடுக்கில் மிதப்பு விசைதான் ஆளும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

திரவவியல் மாணவன்: நீங்களே 2 மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டு, ஆழமான அடுக்குக்கு ஏன் தாவுகிறீர்கள்?

பழைய ஆய்வகம்: வாதம் இருக்கட்டும். அம்மா, கனமான தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, அதன்மேல் தட்டையான எவர்சில்வர் தட்டை வையுங்கள். கல் சூட்டைப் பரப்பும். நேரடித் தீ நடுவில் மட்டும் குமிழியிட வைக்கும். தீ மிகச் சிறிதாக இருக்கட்டும், எண்ணெய் புகையக் கூடாது. மூடி போடாதீர்கள், மேற்பரப்பு திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஆழத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு அகலம் இருக்கும்.

கண்காட்சித்தாய்: வந்துவிட்டது! ஓரத்தில் கோணல், நடுவில் ஐந்து மூலையும் ஆறு மூலையும். தட்டைச் சாய்த்தால் கலைந்து மீண்டும் கூடுகிறது. மகள் அளவுகோலோடு உட்கார்ந்துவிட்டாள்.