வயர்லெஸ் சைக்கிள் மீட்டர்: எஸ் வளைவு இறக்கத்தில் வேகம் பாதியாகிறது, லைட் போட்டால் நின்ற இடத்திலேயே 64 காட்டுகிறது. உதவி தேவை

புளியரை மேற்கு:
செங்கோட்டை – தென்மலை ரோட்டில் (தேசிய நெடுஞ்சாலை 744) ஓட்டுவதற்காக ஒரு வயர்லெஸ் மீட்டர் மாட்டியிருக்கிறேன். ஜி.பி.எஸ். இல்லாத சாதாரண அனலாக் வகை. சைக்கிள் ஹைபிரிட், முன்னால் சஸ்பென்ஷன் ஃபோர்க், டிஸ்க் பிரேக். கோளாறு மூன்று இருக்கிறது.

கோட்டவாசலிலிருந்து எஸ் வளைவு இறங்கும்போது 35-ஐத் தாண்டினால் வேகம் திடீரென்று பாதியாகிவிடுகிறது, சில நேரம் 0. ஏற்றத்திலும் சமதளத்திலும் ஒரு குறையும் இல்லை.
இருட்டில் முன் லைட்டைப் போட்டால் சைக்கிள் நிற்கும்போதே 60, 64 என்று ஓடுகிறது.
கி.மீ. கல்லோடு ஒப்பிட்டால் 10 கி.மீ.க்கு 10.27 காட்டுகிறது.

சென்சார் ஃபோர்க்கின் வலது காலில், மேல்பக்கம். ஸ்போக்கில் காந்தம் ரிம்மிலிருந்து நாலு விரல் தள்ளி. சென்சார், மீட்டர் இரண்டிலும் புது சி.ஆர். 2032 பட்டன் செல். அடுத்து 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்ட வேண்டும். இதை நம்பிப் போகலாமா?

புனலூர் பட்டறை:
வேகம் கூடினால் மட்டும் விட்டுப்போகிறது என்றால் முதல் சந்தேகம் காந்தத்தின் மேல்தான். சரிபாதி காட்டுவது அதற்கு நல்ல சாட்சி: ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் எண்ணப்படுகிறது. சிக்னல் எட்டாத கோளாறாக இருந்தால் 15-லும் விட்டு விட்டுத்தான் வரும், வேகம் பார்த்து வராது.

சென்சாருக்குள் இருப்பது ரீடு சுவிட்ச். காந்தம் கடக்கும்போது அதன் நாக்கு ஒட்டி விலக வேண்டும், அதற்குச் சுமார் ஒரு மில்லிநொடி அவகாசம் வேண்டும். 45 கி.மீ. வேகத்தில் உங்கள் சக்கரம் நொடிக்கு ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். ரிம் பக்கம் உள்ள காந்தம் அப்போது நொடிக்கு 9 மீட்டர் போல ஓடுகிறது. இடைவெளியும் அதிகமாக இருந்தால் நாக்கு ஒட்டுவதற்குள் காந்தம் போய்விடும். 5 மி.மீ.க்குள் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். மலை இறக்கத்துக்கு அது போதாது, 2 முதல் 3 மி.மீ. வையுங்கள். ஏ.டி.எம். கார்டு மூன்றை அடுக்கினால் சுமார் 2.3 மி.மீ., அது நுழைய வேண்டும்.

இடைவெளியைக் குறைக்கச் சென்சாரின் அடியில் பழைய டியூபை வெட்டி மடித்துக் கொடுக்கிறவர்கள் உண்டு, தப்பில்லை. அதைவிடச் சுலபம், காந்தத்தையும் சென்சாரையும் சேர்த்துச் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப் பக்கம் 5, 6 செ.மீ. இறக்குவது. ஸ்போக்குகள் ஹப்பை நெருங்க நெருங்க வெளியே விரிவதால் இடைவெளி தானாகக் குறையும், காந்தத்தின் ஓட்டமும் மெதுவாகும். காந்தத்தை நகர்த்தினால் தூரக் கணக்கு மாறிவிடும் என்று பயப்பட வேண்டாம். எங்கே இருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்புதான்.

சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் சென்சார் கீழ்க்குழாயில்தான் இருக்க வேண்டும். மேல்குழாயில் கட்டினால் பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கும்போது காந்தத்தின் வழியிலிருந்து விலகிவிடும், போதாததற்குக் குழாயின் பளபளப்பும் போகும். டிஸ்க் இடப்பக்கம் என்பதால் வலது கால் சரியான இடம். கேபிள் டை இரண்டு போட்டு இறுக்குங்கள். ஒன்று போட்டால் குலுங்கலில் சென்சார் குழாயைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும்.

சாலிடர் அண்ணாச்சி:
பட்டறைக்காரர் சொன்னது சரி. ஆனால் சென்சாரை இறக்குவதற்கு முன் தூரத்தை அளந்துவிடுங்கள் தம்பி. இந்த வகை மீட்டர்களுக்குச் சென்சாரிலிருந்து எட்டும் தூரம் 60 செ.மீ. அளவுதான். சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் அது ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கும், இன்னும் 6 செ.மீ. இறக்கினால் ஒரு கோளாறு போய் இன்னொன்று வரும். மீட்டரை ஹேண்டில்பாரிலிருந்து ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் குட்டைத் துண்டு) மாற்றினால் கொஞ்சம் மிச்சமாகும். மீட்டரின் முதுகு சென்சாரைப் பார்த்தபடி இருக்கட்டும், உள்ளே இருக்கும் ஆன்டெனாச் சுருளுக்குத் திசை உண்டு.

எந்தப் பக்கக் கோளாறு என்று பிரிக்க எளிய சோதனை: மீட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துச் சென்சாருக்கு ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி வேகமாகச் சுழற்றுங்கள். அங்கேயும் பாதியானால் காந்தம். அங்கே ஒழுங்காகவும் ஹேண்டில்பாரில் தடுமாறியும் இருந்தால் சிக்னல்.

லைட் விஷயம் வேறு. அனலாக் மீட்டர் தன் சென்சாரின் துடிப்பையும் அக்கம்பக்கத்து இரைச்சலையும் பிரித்தறியாது. எல்.இ.டி. லைட்டுக்குள் இருக்கும் சுவிட்சிங் சர்க்யூட் அந்த இரைச்சலைக் கிளப்புகிறது. முழு வெளிச்சம், நடு வெளிச்சம், மினுக்கு மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். நடுவிலும் மினுக்கிலும் மட்டும் வந்தால் வெளிச்சத்தைக் குறைக்க அது வேகமாக அணைந்து எரிவதுதான் காரணம். மருந்து ஒன்றே: லைட்டை மீட்டரிலிருந்து 25, 30 செ.மீ. தள்ளுங்கள். மீட்டர் ஸ்டெம்மில் என்றால் லைட் ஹேண்டில்பாரின் இடது ஓரத்துக்குப் போகட்டும். சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே மட்டும் வரக்கூடாது. தனி பேட்டரி பேக்கும் வயரும் உள்ள லைட் என்றால் வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டுங்கள்.

உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியில் நம்பர் துள்ளுவதும் இந்த ரகம்தான். செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்குக் காற்றாலை நிற்கிற ஊரில் கம்பியைத் தவிர்க்கவா முடியும்? கடந்ததும் அடங்கிவிடும். அதிகபட்ச வேகம் என்று 90 பதிவாகியிருந்தால் பெருமைப்பட வேண்டாம், அழித்துவிடுங்கள்.

அளவுகோல்:
மூன்றாவது கோளாறுக்கு யாரும் வரவில்லையே. மீட்டரில் சக்கரச் சுற்றளவு எத்தனை மி.மீ. என்று கொடுத்திருக்கிறீர்கள்? டயரின் பக்கவாட்டில் என்ன அச்சடித்திருக்கிறது?

புளியரை மேற்கு:
டயரில் 28×1.50, 700×38சி, 40-622 என்று மூன்று விதமாக இருக்கிறது. டயர் அளவுப் பட்டியலில் 28×1½ என்ற வரியைப் பார்த்து 2224 கொடுத்தேன்.

அளவுகோல்:
அங்கேதான் இருக்கிறது. 28×1½ என்பது நம்ம ஊர் கனத்த கறுப்பு சைக்கிளின் சக்கரம், ரிம் 635 மி.மீ. உங்களுடையது 622. இரண்டுக்கும் 28 என்று பேர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். எப்போதும் அந்த 40-622 மாதிரி எண்ணை மட்டும் நம்புங்கள். 700×38-க்குப் பட்டியல் அளவு 2180. அதையும் அப்படியே போடாதீர்கள், ஆள் ஏறினால் டயர் அமுங்கும்.

வழக்கமாக அடிக்கிற காற்றை அடித்து, வால்வு நேர் கீழே இருக்கும்படி நிறுத்தித் தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். நீங்கள் ஏறி உட்கார, ஒருவர் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் உருட்டட்டும். மூன்று சுற்று முடிந்து வால்வு மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. அளந்து மூன்றால் வகுங்கள். உங்கள் கல் கணக்குப்படி 2224-ஐ 1.027-ஆல் வகுத்தால் 2165 வருகிறது. கற்கள் சில இடங்களில் முன்பின் நகர்ந்து நடப்பட்டிருக்கும், அதனால் கல் சரிபார்க்க மட்டும், மீட்டரில் போடும் எண் அளவு நாடாவிலிருந்து வரட்டும்.

விட்டம் கேட்கும் மலிவு மீட்டர்களும் உண்டு. அதில் 3.1416-ஆல் வகுத்து 689 கொடுக்க வேண்டும்.

பிரெவேக்கு இது சின்ன விஷயம் இல்லை. 120-ஆவது கி.மீ.யில் திரும்ப வேண்டும் என்று வழித்தாளில் இருந்தால் உங்கள் மீட்டர் 123.2 காட்டும்போதுதான் அந்தத் திருப்பம் வரும்.

புளியரை மேற்கு:
மூன்று சுற்று 6 மீட்டர் 49.5 செ.மீ., அதாவது 2165. மாற்றிவிட்டேன். அண்ணாச்சி சொன்ன ஒரு சாண் சோதனையிலும் பாதியானது, ஆகவே காந்தம்தான். இடைவெளி 7 மி.மீ. இருந்தது. 4 செ.மீ. இறக்கி, டியூப் துண்டும் வைத்து 2.5 ஆக்கியாயிற்று. மீட்டர் இப்போது ஸ்டெம்மில், தூரம் 58 செ.மீ. இறக்கத்தில் 48 வரை விடாமல் காட்டுகிறது. லைட்டைத் தள்ளியதும் முழு வெளிச்சத்தில் சுத்தம், மினுக்கில் மட்டும் எப்போதாவது துள்ளுகிறது. இதற்குப் பேசாமல் ஜி.பி.எஸ். வாங்கியிருக்கலாமோ?

தென்மலை ஓட்டம்:
ஆரியங்காவு தாண்டிக் காட்டுக்குள் போனால் மர மூட்டத்திலும் மலைச் சரிவின் ஒதுக்கிலும் ஜி.பி.எஸ். காட்டும் வேகமும் தடுமாறும். அதற்கும் கடைசியில் ஹப்பில் ஒரு வேக சென்சார் கட்டத்தான் வேண்டும். அந்த வகைக்குக் காந்தம் வேண்டாம், ஆன்ட் பிளஸ் (சென்சார்களுக்கான ஒரு வயர்லெஸ் முறை) அல்லது புளூடூத்தில் அடையாள எண்ணோடு பேசுவதால் லைட் தொல்லையும் பெரிதாக இருக்காது. ஆனால் புளூடூத்தில் பல சென்சார்கள் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு கருவியோடுதான் இணையும். மொபைல் செயலி முந்திப் பிடித்துக்கொண்டால் மீட்டருக்குக் கிடைக்காது. ஆன்ட் பிளஸ்ஸில் அந்தச் சிக்கல் இல்லை.

பிரெவேயில் ஏமாற்றும் இன்னொன்று சராசரி வேகம். நின்றால் மீட்டரின் கடிகாரமும் நின்றுவிடும், வழியில் நேரம் பதியும் கட்டுப்பாட்டுச் சாவடியின் கடிகாரம் நிற்காது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம். சராசரி 18 என்று காட்டினால் ஓட்டத்துக்கே 11 மணி நேரத்துக்கு மேல் போகிறது. சாப்பாடு, பஞ்சர், டீ எல்லாவற்றுக்கும் மிச்சம் 2 மணி 20 நிமிடம் சொச்சம்தான். கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.

சாலிடர் அண்ணாச்சி:
சாரல் காலத்துக்கு ஒன்று. சென்சார் மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் விரல் நுனியால் லேசாகத் தடவுங்கள். மற்ற கிரீஸ் சில ரப்பரை ஊத வைக்கும். உள்ளே ஈரம் போயிருந்தால் செல்லைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தகட்டைத் துடைத்து, நிழலில் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதும். ஹேர் டிரையர் வேண்டாம், மூடி நெளிந்துவிடும்.

குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு தடவிய செல்கள் வருகின்றன. சில கருவிகளில் அந்தப் பூச்சே தொடர்பைக் கெடுக்கும். புதுச் செல் போட்டும் உயிர் வரவில்லையென்றால் அதன் விளிம்பை ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்கள்.

புளியரை மேற்கு:
கடைசியாக ஒன்று. மீட்டரின் செல்லை மாற்றினால் மொத்த கி.மீ. அழிந்துவிடுமா?

சாலிடர் அண்ணாச்சி:
சென்சார் செல்லை எடுத்தால் எதுவும் ஆகாது. மீட்டர் செல்லை எடுத்தால் பல மாடல்களில் மொத்த தூரமும் சக்கர அளவும் போய்விடும். முன்னாலேயே எழுதி வையுங்கள். மொத்த தூரத்தைத் திரும்பக் கொடுக்க வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். 2165-ஐ ஸ்டெம்முக்கு அடியில் ஒரு டேப்பில் எழுதி ஒட்டிவிட்டால் ரோட்டில் செல் மாற்ற நேர்ந்தாலும் கவலையில்லை.