பாலாற்று மண் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஸ்போர் போடவில்லை, உதவி தேவை

வேலூர் பாலாற்றங்கரை வயல் மண்ணில் பிரித்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் (இழையாக வளர்ந்து ஸ்போர் எனும் வித்து போடும் மண் பாக்டீரியா) ஸ்ட்ரெயின். முதல் தட்டில் சாம்பல் நிற ஸ்போர் நன்றாக வந்தது. ஐஎஸ்பி-2 அகாரில் (ஈஸ்ட்-மால்ட் சாறு கலந்த வளர்ப்பு ஊடகம்; டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், லிட்டருக்கு 4 கிராம், பிஎச் 7.2, 28 டிகிரி) தொடர்ந்து மாற்றி வளர்த்தபின், 14 நாளானாலும் வழவழப்பான, தோல்போல் இறுகிய காலனிதான். அகாருக்குள் இழை ஓடுகிறது. ஸ்போர் உருவாகும் வெள்ளை மேலிழை எழவேயில்லை.

குளுக்கோஸ் மேலிழையை அடக்குமே என்று மானிட்டால்-சோயா அகாருக்கு (இரண்டும் தலா 20 கிராம், குழாய்த் தண்ணீர்) மாற்றினேன், பலனில்லை. தட்டை நன்றாக உலர்த்தியும் அதேதான்.

ஸ்போர் போடும் வேறொரு ஸ்ட்ரெயினை அருகே கோடிழுத்தால் மட்டும் அந்தப் பக்க விளிம்பில் வெள்ளை பூக்கிறது. இது எனக்கு முக்கியமான தடயம்: இழை எழும் திறன் சாகவில்லை, வெளியே சுரக்கும் ஏதோ ஒன்றுதான் குறைகிறது.

அது காமா-பியூட்டிரோலாக்டோன் வகைச் சைகையா (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சிறு மூலக்கூறு), சாப்-பி போன்ற பெப்டைடா (பரப்பு இழுவிசையைக் குறைத்து இழை மேலெழ உதவுவது) என்பதைச் சாதாரணக் கல்லூரி லேபில் எப்படிப் பிரித்தறிவது?