ராணி எறும்பின் இடுப்புக்கு ஒரு சொல்: காம்பா, கணுவா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் அகராதிக்காக, எறும்பின் நெஞ்சுக்கும் பின்வயிற்றுக்கும் நடுவே ஒடுங்கியிருக்கும் பகுதியைக் ‘காம்பு’ எனலாம் என்று இங்கே ஓர் ஐயா எழுதியிருந்தார். இலைக்காம்புக்கும் இதற்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் (petiole) என்பது அவர் வாதம். அங்கே ஒன்று என்பதால் இங்கேயும் ஒன்றாக வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மழை ஓய்ந்த ஒரு மாலை, சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ராணி எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. சிறகுகளைத் தானே முறித்துப் போட்டிருந்தது. நெஞ்சில் தழும்புகள் மட்டும் மிச்சம். பக்கத்து வீட்டு அக்கா “ஈசல்” என்றார். ஈசலுக்கு ஏது இந்த இடுப்பு! குப்பியில் ஈரப் பஞ்சு வைத்து உள்ளே விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். முதலில் எண்ண வேண்டியது இடுப்பிலுள்ள மேடுகளை. ஒன்றுதான் இருந்தது. வயிற்று நுனியில் கொடுக்கு இல்லை, மயிர் சூழ்ந்த வட்டத் துளை. ஆகவே எறும்புக் குடும்பத்தில் ஃபார்மிசினே என்ற துணைக்குடும்பம். உணர்கொம்புகள் வாய்க்கு மேலுள்ள தகட்டின் விளிம்பைவிட்டுத் தள்ளி முளைத்திருந்ததால் காம்போனோட்டஸ் பேரினம். இனத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. முதல் வேலைக்கார எறும்புகள் பிறக்கட்டும்.

மேடு இரண்டாக இருந்திருந்தால் வேறு துணைக்குடும்பத்தில் தேடியிருப்பேன். எங்கள் அடுக்களைகளில் வரிசை கட்டும் பெருந்தலை எறும்பு அப்படிப்பட்டது. ஃபைடோலே மெகாசெஃபலா, மொரீசியஸ் எறும்பை வைத்து 1793-இல் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் விவரித்த இனம். அதன் இரண்டாம் மேடு அடிப்பக்கம் புடைத்திருப்பது ஓர் அடையாளம். இதை ‘இரண்டாம் காம்பு புடைத்தது’ என்று எழுதிப் பாருங்கள். காம்பை யாராவது எண்ணுவார்களா?

கணுவை எண்ணுவார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்காக டர்பனில் வந்து இறங்கியவர்களின் வழிவந்த எங்களுக்குக் கரும்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரணை வெட்டும்போது கணுவை எண்ணித்தான் வெட்டுவார்கள் என்று என் பாட்டி சொல்வார். தமிழ் பேசத் தடுமாறும் என் அண்ணன் பிள்ளைகளுக்குக்கூட அந்தச் சொல் தெரியும். எனவே என் முன்மொழிவு ‘இடைக்கணு’. இரண்டிருந்தால் முன்கணு, பின்கணு.

பூச்சி, நண்டு போன்றவற்றைக் குறிக்கும் கணுக்காலி என்ற சொல்லில் ஏற்கெனவே கணு இருக்கிறதே, குழம்பாதா என்று ஒருவர் கேட்டார். அதற்காகத்தான் முன்னால் ‘இடை’. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: வயிற்றின் முதல் வளையம் நெஞ்சோடு ஒட்டிவிட்டது, இந்த மேடு வயிற்றின் இரண்டாம் வளையம், ஆகவே இடை என்பது உடற்கூற்றின்படி பிழை. உண்மைதான். ஆனால் இனம் பிரிக்க உட்காருகிறவர் கண்ணால் பார்ப்பது இடுப்பை. வளையக் கணக்கு விளக்கத்தில் வரட்டும், பெயரில் வேண்டாம்.

அகராதிக்கு இப்படி எழுதலாமா?

‘இடைக்கணு: எறும்பின் நெஞ்சுக்கும் பின்வயிற்றுக்கும் இடையே ஒடுங்கிய வயிற்று வளையம், பெரும்பாலும் மேல்புறம் மேடாக இருக்கும், ஒன்றோ இரண்டோ அமையும்.’

‘பெரும்பாலும்’ என்பதை எடுத்துவிடாதீர்கள். சில சிற்றெறும்புகளுக்கு அந்த மேடு படுத்துக் கிடக்கும். அங்கே என் கரும்பு உவமை கொஞ்சம் நொண்டுகிறது, ஐயா அதைப் பிடித்துக்கொள்ளலாம்.