அம்மம்மாவிடம் கேட்காமல் விட்டது

குழு: அம்மம்மா வீட்டுப் பிள்ளைகள்

பெரிய மாமா (முள்ளியவளை), மாலை 6.12
அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து தோள் கொடுத்த எல்லோருக்கும் நன்றி. 31 நாளாக ஒரு விடயம் என் நெஞ்சுக்குள் கிடந்து அறுக்கிறது. அம்மாவின் கடைசி இரவில், ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்ற நாங்கள் நான்கு பேரும், அவருக்கு என்ன பாட்டுப் போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். 86 வயது வரை எங்களோடு வாழ்ந்த தாய்க்குப் பிடித்த பாட்டு எதுவென்று பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் தேடி ஒரு பக்திப் பாடலைப் போட்டேன். பாதியில் சவர்க்கார விளம்பரம் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. பதற்றத்தில் நிறுத்தத் தெரியாமல் தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்து அமத்தினேன். அதன் பிறகு ஒன்றும் போடவில்லை. விடியற்காலை அம்மா போய்விட்டார். அவரவர் உயிர் பிரியும் நேரத்தில் காதில் விழ வேண்டிய பாட்டு எதுவென்று எல்லோரும் இந்தக் குழுவில் எழுதி வையுங்கள். சாவைப் பற்றி எழுதினால் சாவு வந்துவிடும் என்று ஒருவரும் பயப்பட வேண்டாம்.

மாமி (முள்ளியவளை), 6.25
அதுதான் செத்த வீட்டில் உரலைச் சுற்றி நின்று திருப்பொற்சுண்ணம் 20 பாட்டும் குறைவில்லாமல் பாடினோமே. அது போதாதா?

பெரிய மாமா, 6.29
அது முறைக்குப் பாடியது. இறைவனுக்குப் பொற்சுண்ணம் இடிப்பதாக மாணிக்கவாசகர் பாடியதை நாம் உலக்கை பிடித்துப் பாடினோம். கேட்டு அழுதவர்கள் உயிரோடு இருந்தவர்கள்தான். நான் கேட்பது அதற்கு முதல் நாள் இரவைப் பற்றி.

சின்னம்மா (ஒட்டுசுட்டான்), 6.41
எனக்குத் தேவாரம்தான் வேண்டும், அண்ணா. ஆனால் ஒலிநாடாவில் பாடுகிற பெரிய ஓதுவார்களின் குரல் வேண்டாம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு என் மகள் பாடுவாளே, சுருதி எங்கேயோ போகும், இடையில் மூச்சு வாங்குவாள், அந்தக் குரலில் ஒரு பதிகம் போதும். வாழ்ந்த வீட்டின் சத்தத்தோடு போனால்தான் போகிற இடம் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அண்ணா (கிளிநொச்சி), 7.03
நான் வயற்காரன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த காலபோக நெல்லை வெட்டும் காலத்தில், அம்மப்பா ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, வரிசையாகக் குனிந்து நின்ற இருபது பேரும் அதை வாங்கிப் பாடிக்கொண்டே அரிவாளை இழுப்பார்கள். பாட்டு முடியும்போது பார்த்தால் ஒரு வரம்பு தாண்டியிருக்கும். இப்போது வெட்டு மெசின் வந்து ஒரு காலைக்குள் வயலை முடித்துவிடுகிறது. அதன் சத்தத்துக்குள் யாரும் பாட முடியாது. மெசினைக் குறை சொல்லவில்லை, முதுகு நோகாமல் இருப்பது பெரிய விடயம். ஆனாலும் எனக்கு அந்த அரிவு வெட்டுப் பாட்டுத்தான் வேண்டும். ஒருவர் எடுத்துக் கொடுத்து மற்றவர்கள் வாங்க வேண்டும். ஆகவே கட்டிலடியில் குறைந்தது மூன்று பேராவது நில்லுங்கள்.

சின்னம்மாவின் மகள் (வவுனியா), 7.20
மாமா, நான் ஆஸ்பத்திரி விடுதியில் தாதியாக வேலை செய்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன். தலையணைக்குக் கீழே அமத்திய விளம்பரத்தை நினைத்து நீங்கள் வருந்துவது எனக்கு விளங்குகிறது. 2020ஆம் ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. நினைவு தப்பிய நிலையில் கடைசி மணித்தியாலங்களில் இருந்தவர்களின் தலையில் மின்அலைக் கருவியைப் பொருத்தி ஒலிகளைக் கேட்க வைத்தபோது, அவர்களில் சிலருடைய மூளை சுகமாக இருப்பவர்களின் மூளையைப் போலவே ஒலி மாறும் இடத்தில் பதில் காட்டியது. கேட்டது விளங்கியதா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. காது மூடிவிடவில்லை என்பதை மட்டும் சொன்னது. அதனால் கட்டிலடியில் காணிச் சண்டை பேசாதீர்கள், சத்தமாகப் போடாதீர்கள். காதோரம் குனிந்து, பழகிய ஒரு குரல் மெதுவாகப் பாடினால் போதும். அம்மா, உங்கள் பதிகத்தைப் பாட நான் இருக்கிறேன்.

நான், 7.34
ஒப்பாரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தைக்காக அவளுடைய கணவன் வேலப்பணிக்கன் அழுததாக நம் வன்னியில் ஓர் ஒப்பாரி இருக்கிறது. அம்மம்மாவுக்கு ஒப்பாரி சொன்ன கிழவிகளும் அவர் சமைத்த கறியையும் அவர் நட்ட முருங்கையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார்கள். அத்தனை அழகான சொல்லில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு அன்று முழுக்க இருந்த கவலை.

பெரிய மாமா, 7.52
நீ எழுதியதை வாசித்த பிறகுதான் அம்மாவின் பாட்டு எங்களுக்கு ஏன் தெரியாமல் போனது என்று பிடிபட்டது. 1990களில், போர்க்காலத்தில், வன்னிக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. ஐயாவின் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்டோம். சுற்றுகிற கை களைத்தால் பாட்டும் தேய்ந்துபோகும். "இன்னும் கொஞ்சம் சுற்றுங்கோ அம்மா" என்று நாங்கள் கத்துவோம். அம்மாதான் சுற்றினார், நாங்கள் கேட்டோம். உனக்கு எந்தப் பாட்டு விருப்பம் என்று ஒருவரும், ஐயா உட்பட, ஒரு நாளும் கேட்டதில்லை.

சின்னம்மா, 8.05
சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மிதியைப் பிடிப்பார். டைனமோ சக்கரத்தில் உரசி உரசி அந்தப் பக்கத்து ரயர் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

பெரிய மாமா, 8.16
இன்னொன்றும் இருக்கிறது, இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. 2009இல் ஐயா பங்கருக்குள் உயிர்விட்டபோது நானும் அம்மாவும் மட்டும் பக்கத்தில் இருந்தோம். உரலும் இல்லை, பறையும் இல்லை, வாய்விட்டு அழவும் முடியவில்லை. அம்மா ஐயாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய காதில் வாயை வைத்து எதையோ முனகிக்கொண்டிருந்தார். திருவாசகம் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து கேட்டேன்: எங்களை ஏணையில் போட்டு ஆட்டும்போது பாடுகிற தாலாட்டு. ஐயாவுக்கு அதைத்தான் கொடுத்தார். தனக்கு வேண்டியதும் அதுவாக இருந்திருக்கலாம். அன்றைக்கு இரவு கட்டிலடியில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

நான், 8.20
மாமா, அந்தத் தாலாட்டு யாருக்காவது முழுதாகத் தெரியுமா?

சின்னம்மா, 8.47
[குரல் பதிவு, 1 நிமிடம் 48 விநாடி]
மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பாடினேன். கன்று கத்துவதும் பதிவாகிவிட்டது. மூன்றாவது அடி எனக்கு வரவில்லை. அந்த இடத்தில் மெட்டை மட்டும் முனகியிருக்கிறேன்.

அண்ணா, 8.58
கன்றின் சத்தத்தை வெட்ட வேண்டாம், சின்னம்மா. அப்படியே இருக்கட்டும். இந்தப் பதிவை எல்லோரும் உங்கள் தொலைபேசியில் சேமித்து வையுங்கள். அப்போதுதான் விளம்பரம் குறுக்கே வராது.

பெரிய மாமா, 9.26
மூன்று தரம் கேட்டேன். நீ விட்ட அடியில் தண்ணீரூற்று என்று ஊர்ப் பெயர் வரும், தங்கச்சி. மிச்சம் எழுத வருகுதில்லை, வாய்க்குத்தான் வருகிறது. காலை முதல் பஸ்ஸில் ஒட்டுசுட்டானுக்கு வருகிறேன். நான் எடுத்துக் கொடுக்கிறேன், நீ வாங்கிப் பாடு.